கைக்கோடரியின் நிறம்: அச்சு மை கலப்பது பற்றிச் சில குறிப்புகள்

“இது எந்த ஊர் கல்லுப்பா?”

சார் கேட்டது இவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பில் எனக்குப் புவியியல் எடுத்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களில் ஆறு பேரைப் பூண்டி வரை பஸ்ஸில் கூட்டிப்போய், அங்கிருந்து குடியம் குகைக்குக் காட்டுப் பாதையில் நடக்க வைத்தவர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் பூட் ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் நம் அத்திரம்பாக்கத்துக்கு வந்தார் என்று முதன்முதலில் எனக்குச் சொன்னவரும் அவர்தான். முப்பது வருஷம் கழித்து, திருவள்ளூர் மாவட்டத்தின் கற்கால இடங்களைப் பற்றி நான் எழுதிச் சேர்த்த குறிப்புகளைச் சொந்தச் செலவில் சின்னப் புத்தகமாகப் போட்டேன். 500 பிரதி. நடுவில் 16 பக்கம் கலர். முதல் பிரதியை எடுத்துக்கொண்டு நேராக சார் வீட்டுக்குத்தான் போனேன்.

திண்ணையில் உட்கார்ந்து கலர் பக்கங்களைப் புரட்டினார். கண் புரை அறுவை சிகிச்சை முடிந்து அவருக்கு நிறமெல்லாம் பளிச்சென்று தெரிய ஆரம்பித்திருந்த நேரம் அது. கைக்கோடரிப் படத்தில் நிறுத்தி, அந்தக் கேள்வியைக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் செம்புரை மண் ஏறிச் சிவந்திருக்க வேண்டிய அந்தக் கல், பச்சை கலந்த ஈரச் சாணி நிறத்தில் இருந்தது. பக்கம் திருப்பினால் இன்னொரு கோடரி, அது கத்திரிப்பூ நிறத்தில். இரண்டுமே ஒரே இடத்தில், ஒரே மண்ணில் கிடைத்தவை.

அந்தக் கலர் பக்கங்களுக்கு மட்டும் 38,000 ரூபாய் கொடுத்திருந்தேன். அச்சகத்தில் போய்க் கேட்டதற்கு, “நீங்க கொடுத்த ஃபைல்ல அப்படித்தான் சார் இருந்துச்சு” என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்து எண்களைப் பார்த்தபோது, அவர்கள் சொன்னதில் பாதி உண்மை என்று தெரிந்தது. அந்தப் பாதியும் மீதிப் பாதியும் என்ன என்று தேடிப்போனதில் சேர்ந்தவைதான் இந்தக் குறிப்புகள். புத்தகம், அழைப்பிதழ், லேபிள் என்று எதையாவது சொந்தமாக அச்சடிக்கப் போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் என் தப்பு. கம்ப்யூட்டர் திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீல விளக்குகள் மூன்றும் முழுதாக எரிந்தால் வெள்ளை. காகிதத்தில் நடப்பது நேர் எதிர். காகிதத்தின் வெள்ளையிலிருந்து மை ஒளியைத் தின்கிறது. சயான் சிவப்பொளியைத் தின்னும், மெஜந்தா பச்சையைத் தின்னும், மஞ்சள் நீலத்தைத் தின்னும். தின்றது போக மிச்சம்தான் நாம் பார்க்கும் நிறம். அதனால் திரைக்கான ஃபைலை அச்சுக்கான நான்கு மை எண்களாக மாற்றும்போது, எந்த மை, எந்தக் காகிதம் என்று மென்பொருளுக்குச் சொல்லியாக வேண்டும். நான் சொல்லவில்லை. மென்பொருள் தானாக ஏதோ வெளிநாட்டு ஆர்ட் பேப்பரை மனதில் வைத்து மாற்றிவிட்டது. நான் அடித்ததோ மேப்லித்தோ.

மேப்லித்தோவில் பூச்சு கிடையாது, மையை உறிஞ்சும். திரையில் 50 சதவீதம் என்று வைத்த புள்ளி, காகிதத்தில் பரவி 70-ஐத் தாண்டித் தெரியும். இதைப் புள்ளிப் பெருக்கம் என்பார்கள். நான்கு மையும் ஒரே மாதிரி பெருத்தால்கூடப் பரவாயில்லை, படம் இருட்டாகும், அவ்வளவுதான். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் நிறமே திரும்பிவிடும்.

செம்புரை நிறம் மாட்டிக்கொண்டது இங்கேதான். தக்காளிச் சிவப்பு என்றால் மெஜந்தாவும் மஞ்சளும் போதும். வானம் என்றால் சயானும் கொஞ்சம் மெஜந்தாவும். ஆனால் மண் நிறம், மரத்தின் நிறம், நம் தோலின் நிறம் எல்லாம் மூன்று மைகளும் சேர்ந்து இழுபறியில் நிற்கிற நிறங்கள். அதில் சயான் இரண்டு மூன்று சதவீதம் ஏறினால் போதும், சிவந்த பழுப்பு பச்சைப் பழுப்பாகிவிடும். மெஜந்தா ஏறினால் கத்திரிப்பூ. என் புத்தகத்தில் இரண்டுமே நடந்திருந்தது. தாளின் இடது ஓரத்தில் சயான் சாவி கொஞ்சம் அதிகம் திறந்திருந்தது, வலது ஓரத்தில் மெஜந்தா. ஒரே தாளில் இரண்டு கோடரி, இரண்டு ஊர் கல்.

இதை எனக்கு விளக்கியவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பேக்கேஜிங் தொழிற்சாலையில் கலர் மேட்சராக இருக்கும் ஒரு அண்ணன். என் மச்சினர் மூலமாகப் பழக்கம். முப்பது வருஷமாக மை கலக்குகிறார். புத்தகத்தை ஒரு நிமிஷம்தான் பார்த்தார். “தம்பி, நாலு கலர்ல கல்லு அடிச்சிருக்கீங்களே, கல்லுக்கு எதுக்கு நாலு கலர்? ரெண்டு போதும். ஒரு செவப்பு, ஒரு கறுப்பு. செவப்ப நாம கலந்துக்கலாம்.”

தனி நிறம் என்று சொல்வது இதைத்தான். புள்ளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணை ஏமாற்றாமல், வேண்டிய நிறத்தை டப்பாவிலேயே கலந்து ஒரே மையாக அடிப்பது. அப்போது சாவி ஏறி இறங்கினாலும் நிறம் அடர்த்தியில்தான் மாறும், வேறு நிறமாகத் திரும்பாது. மாத்திரை அட்டையிலும் பிஸ்கட் பாக்கெட்டிலும் கம்பெனியின் அடையாள நிறம் எப்போதும் ஒரே மாதிரி இருப்பது இதனால்தான். இதற்கு ஒரு பொது மொழி வேண்டுமென்று அமெரிக்காவில் லாரன்ஸ் ஹெர்பெர்ட் 1963-ல் பான்டோன் அட்டையைக் கொண்டுவந்தார். குறிப்பிட்ட சில அடிப்படை மைகள், எதை எத்தனை பங்கு கலந்தால் எந்த நிறம் வரும் என்ற சமையல் குறிப்புப் புத்தகம் அது. அதற்கு முன்னால் நம் ஊரில் யாரும் நிறம் கலக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். கல்லில் வரைந்து அடித்த பழைய லித்தோ காலத்தில், ரவிவர்மா அச்சகத்துச் சாமிப் படங்களுக்கு ஒரு நிறத்துக்கு ஒரு கல், ஒவ்வொரு கல்லுக்கும் தனியாகக் கலந்த மை. உடம்பு நிறத்துக்கே இரண்டு மூன்று கல் போகும். அந்தப் படங்களின் சிவப்பு இன்றைய நாலு கலர் காலண்டரில் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு சனிக்கிழமை, அனுமதி வாங்கி, அண்ணன் என்னை உள்ளே கூட்டிப்போனார். திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம், புதுவாயல் வழியாக பைக்கில் போனேன். மை கலக்கும் அறைக்கு அங்கே ‘இங்க் கிச்சன்’ என்றே பெயர். பொருத்தமான பெயர்தான். தராசு, கரண்டி மாதிரி இங்க் கத்திகள், கண்ணாடிப் பலகை, சுவரில் குறிப்பு அட்டைகள். வாசனை மட்டும்தான் சமையலறை வாசனை இல்லை. அவர்கள் அடிப்பது பிளாஸ்டிக் சுருளில், கிராவியூர் முறையில். மை தண்ணீர் போல ஓடும், எத்தில் அசிடேட் போன்ற கரைப்பான் கலந்தது. நான் அடிக்கப்போவது ஆஃப்செட். அந்த மை பசை மாதிரி கெட்டியானது, எண்ணெய்ச் சார்பு. இரண்டும் வேறு வேறு சாதி. ஆனால் நிறம் கலக்கும் அறிவு ஒன்றுதான்.

மை என்பது மூன்று பொருள்தான். நிறமி, அதைச் சுமக்கும் வார்னிஷ், அப்புறம் கொஞ்சம் துணைப் பொருட்கள். ஆஃப்செட் வார்னிஷில் பிசினும் ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெயும் இருக்கும். துணைப் பொருட்களில் மெழுகு, சீக்கிரம் உலர கோபால்ட் அல்லது மாங்கனீஸ் உப்பு. நிறமிகள் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே ஆட்கள். சயானுக்குத் தாமிர தாலோசயனின், மெஜந்தாவுக்கு ரூபின் என்ற கால்சியம் உப்பு, மஞ்சளுக்கு டைஅரிலைடு வகை, கறுப்புக்குக் கரி. இந்தத் தாலோசயனின் கதை ஒரு தனிப் பதிவுக்கு உரியது. 1928-ல் ஸ்காட்லாந்தில் ஒரு சாயத் தொழிற்சாலையில், வேறு ஏதோ தயாரிக்கும் பாத்திரத்தில் விரிசல் விட்டு, அசுத்தமாகக் கிடைத்த நீலப் பொருளிலிருந்துதான் அது கண்டுபிடிக்கப்பட்டது.

கறுப்புக்கு வேண்டிய கரிக்கு இப்போது நம் மாவட்டமே ஒரு முகவரி. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் பி.சி.பி.எல். நிறுவனத்தின் கார்பன் பிளாக் ஆலை 2023-ல் உற்பத்தியைத் தொடங்கியது. இந்தக் கரி பெரும்பாலும் டயருக்குத்தான் போகும். ஆனால் மையின் கறுப்பும் அதே குடும்பம்தான். ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய எழுத்து தெரிவதற்காக நம் ஆட்கள் தேய்த்த விளக்குக் கரியும் அதே பொருள். அது ஒளி பட்டு வெளிறாத கறுப்பு என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இப்போது என் செம்புரை நிறத்துக்கு வருகிறேன். கோடரியை அளக்க முடியாது, அது பூண்டி அகழ்வைப்பகத்துக் கண்ணாடிக்குள் இருக்கிறது. அத்திரம்பாக்கத்திலிருந்து கல்லை எடுத்து வருவதும் தப்பு. அங்கே ஒரு கல் இருக்கும் இடமும் அடுக்கும்தான் ஆதாரம். 15 லட்சம் வருஷப் பழமை என்று 2011-ல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரையும், 3,85,000 வருஷம் என்று இடைப் பழங்கற்காலத்துக்கு 2018-ல் நேச்சரில் வந்த கட்டுரையும் அந்த அடுக்குகளை வைத்து எழுதப்பட்டவைதான். தயவுசெய்து யாரும் நினைவுப் பொருளாகப் பொறுக்கி வராதீர்கள். நான் எடுத்துப்போனது ரோட்டோரம் கொட்டியிருந்த செம்புரைக் கிராவலில் ஒரு உருண்டை.

அண்ணன் அதைத் துடைத்து, ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரை அதன்மேல் நாலு இடத்தில் வைத்துச் சராசரி எடுத்தார். 400 நானோமீட்டரிலிருந்து 700 வரை ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு ஒளி திரும்புகிறது என்று அது ஒரு வளைவாகக் கொடுக்கும். அதையே மூன்று எண்ணாகவும் சுருக்கும். 1976-ல் சர்வதேச ஒளியியல் ஆணையம் வகுத்த முறை. முதல் எண் வெளிச்சம், இரண்டாவது சிவப்பா பச்சையா, மூன்றாவது மஞ்சளா நீலமா. என் கல் 38, 24, 21. இரண்டு நிறங்களுக்கு இடையே உள்ள தூரம் டெல்டா ஈ. தோராயமாக 1 என்றால் கூர்ந்து பார்ப்பவர் கண்டுபிடிப்பார், 5 என்றால் யாரும் கண்டுபிடிப்பார்கள். முதல் பதிப்பில் அச்சான கோடரியை அளந்தோம். 19.

எண் கையில் வந்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. மென்பொருள்காரன் புத்தி அப்படி. மை கலப்பதற்குப் பின்னால் அழகான ஒரு கணக்கு இருக்கிறது. குபெல்கா, முங்க் என்ற இருவர் 1931-ல் பெயிண்டுக்காகப் போட்டது. ஒரு பூச்சு ஒளியில் எவ்வளவைத் திருப்புகிறது என்பதை ஆர் என்று வைத்தால், (1 − ஆர்)² ÷ (2 × ஆர்) என்பது அது ஒளியைத் தின்பதற்கும் சிதறடிப்பதற்கும் உள்ள விகிதம். நிறங்களைக் கலந்தால் ஆர் கூட்டிக் கழியாது, இந்த விகிதம்தான் பங்குப்படி கூடும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்றால், ஒரு உதாரணம் போட்டுப் பாருங்கள். ஒரு மை 50 சதவீத ஒளியைத் திருப்புகிறது, இன்னொன்று 10 சதவீதம். சம பங்கு கலந்தால் 30 வரும் என்று மனம் சொல்லும். கணக்குப்படி முதலாவதின் விகிதம் 0.25, இரண்டாவது 4.05, சராசரி 2.15. அதைத் திருப்பிப் போட்டால் கிடைப்பது 16 சதவீதம் சொச்சம். அதாவது கலவையில் இருட்டு எப்போதும் ஜெயிக்கும். “வெளிர் மையை முதல்ல வை, அடர் மையைத் துளித் துளியா விடு” என்று அண்ணன் தொழிலுக்கு வந்த முதல் நாளே அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்களாம். அதன் கணக்கு இதுதான். தலைகீழாகச் செய்தால், கறுப்பு அதிகமாகிப்போன 100 கிராமைச் சரிசெய்ய மஞ்சள் ஊற்றி ஊற்றி ஒரு கிலோ ஆகிவிடும். சாம்பாரில் உப்பு ஏறிய கதை.

அமெரிக்காவில் 1958-லேயே இந்தக் கணக்கைப் போட ‘காமிக்’ என்றொரு அனலாக் கணிப்பொறி விற்றார்கள். எனக்கு பைத்தானில் அறுபது வரி. அண்ணனிடமிருந்த நான்கு ஆஃப்செட் மைகளின் வளைவுகளைக் கொடுத்து, என் கல்லின் வளைவுக்கு மிக அருகில் வரும் கலவையைத் தேடச் சொன்னேன். மஞ்சள் 44, வார்ம் ரெட் 40, ரூபின் 7, கறுப்பு 9 என்று வந்தது. பெருமையாகக் காட்டினேன். அண்ணன் பார்த்துவிட்டு, “கறுப்பு ஜாஸ்தி” என்றார். கலந்து பூசினால் டெல்டா ஈ 6. கறுப்பு ஜாஸ்திதான்.

தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்த எளிய சூத்திரம் கெட்டியான, அடி தெரியாத பூச்சுக்கானது. சுவர் பெயிண்ட் மாதிரி. ஆஃப்செட் மை காகிதத்தில் நிற்பது ஒரு மைக்ரான் கனம்தான், அதுவும் ஒளி ஊடுருவும் மை. ஒளி மைக்குள் போய், காகிதத்தில் பட்டு, மறுபடி மை வழியாகவே திரும்பி வருகிறது. காகிதம் கலவையில் பாதிப் பங்காளி. அதைக் கணக்கில் சேர்க்க சூத்திரத்தின் நீண்ட வடிவம் வேண்டும். கூடவே, ஒவ்வொரு மையையும் அதே காகிதத்தில் ஐந்து அடர்த்திகளில் பூசி அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு முழு நாள் அதைச் செய்தோம். இரண்டாவது முறை கணக்கு சொன்னது மஞ்சள் 46, வார்ம் ரெட் 40, ரூபின் 8, கறுப்பு 6. டெல்டா ஈ 2.3. அதற்கு மேல் அண்ணன் கண்ணாலும் கத்தி முனையாலும் திருத்தியதில் 1.6. அவர் சேர்த்தது நூறு கிராமுக்குக் கால் கிராம் ரூபின்கூட இல்லை.

இரும்புத் துருதானே செம்புரைக்கல்லின் சிவப்பு, அதே இரும்பு ஆக்சைடு நிறமியையே போட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அந்த நிறமி கடினமான துகள், உப்புத்தாள் மாதிரி ப்ளேட்டைத் தேய்த்துவிடும் என்பதால் ஆஃப்செட்டில் தவிர்ப்பார்கள். தரைக்கு ரெட் ஆக்சைடு, படத்துக்கு வார்ம் ரெட்.

கலப்பதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தராசு 0.01 கிராம் காட்டுவதாக இருக்க வேண்டும். முதலில் 100 கிராம் மாதிரி, சரிவந்த பிறகுதான் பெரிய அளவு. டப்பாவின் மேல் படிந்த ஆடையைக் கீறி எறிந்துவிட்டு அடியிலிருந்து எடுக்க வேண்டும், ஆடைத் துணுக்கு அச்சில் வெள்ளைப் பொட்டாக விழும். கண்ணாடிப் பலகையில் கத்தியால் மடித்து மடித்து, ஒரு கோடுகூடத் தெரியாமல் கலக்க வேண்டும். பிறகு அச்சடிக்கப்போகும் அதே காகிதத்தில் இழுத்துப் பார்க்க வேண்டும். வேறு காகிதத்தில் பார்ப்பது வீண் வேலை. பார்த்த உடனே ஓகே சொல்லவும் கூடாது. மேப்லித்தோவில் மை உள்ளே இறங்க இறங்க நிறம் சற்று மங்கும். எங்கள் மாதிரியில் ஒரே இரவில் ஒன்றேகால் டெல்டா ஈ நகர்ந்தது. அதனால் ஈரத்தில் துளி பளிச்சென்று இருக்கும்படி கலந்தோம்.

எந்த வெளிச்சத்தில் பார்ப்பது என்பது தனிப் பிரச்சினை. இங்க் கிச்சனில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று இருக்கிறது, சுவிட்சை மாற்றினால் பகல் வெளிச்சம், கடை டியூப்லைட், குண்டு பல்பு என்று மாறும். பகல் வெளிச்சத்தில் என் கல்லும் என் மையும் ஒன்றாக இருந்தன. குண்டு பல்பில் மை ஆரஞ்சாகத் தள்ளியது. இது கலவையின் தப்பு இல்லை. கல்லின் வளைவு வேறு, என் மையின் வளைவு வேறு, ஒரு வெளிச்சத்தில் மட்டும் இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகின்றன. ஜவுளிக் கடையில் பார்த்துப் பார்த்து எடுத்த ரவிக்கைத் துணி வாசலுக்கு வந்ததும் புடவையோடு சேராமல் போவதும் இதே சங்கதிதான். நிறமிகள் வேறாக இருக்கும்வரை எல்லா வெளிச்சத்திலும் பொருத்த முடியாது. “யாரு, எங்க வச்சு பார்க்கப்போறாங்க?” என்று கேட்டார் அண்ணன். திண்ணையில், பகலில் என்றேன். பகல் வெளிச்சத்துக்கே முடித்துவிட்டோம்.

எவ்வளவு மை வேண்டும் என்ற கணக்கும் சுவாரசியமானது. 16 பக்கம் என்பது டெமி தாள் ஒன்றின் இரு பக்கமும். தாள் கால் சதுர மீட்டர் சொச்சம். 500 பிரதியும் வீணாகும் 100-ம் சேர்த்து 600 தாள், இரு பக்கத்துக்கு 320 சதுர மீட்டர். அதில் 40 சதவீதம் மை ஏறும் என்றால் 128. சதுர மீட்டருக்கு ஒன்றரை கிராம் வைத்தால், 200 கிராம்கூட வேண்டாம். ஆனால் மெஷின் உருளைகள் குடிக்கவும், மைத் தொட்டியில் அடி தெரியாமல் நிற்கவும் அதைவிட அதிகம் வேண்டும். ஒரு கிலோ கலந்தோம். பாதியில் மை தீர்ந்து மறுபடி கலப்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய பாவம். இரண்டாவது கலவை முதலாவதோடு ஒருநாளும் ஒட்டாது.

இனி மெஷின். இந்த முறை திருவள்ளூர் பக்கத்திலேயே இரண்டு கலர் மெஷின் வைத்திருக்கும் ஒரு சின்ன அச்சகம். ஆஃப்செட்டில் பாதி வேலை மையுடையது, பாதி தண்ணீருடையது. ப்ளேட்டில் எழுத்தில்லாத இடத்தைத் தண்ணீர் காக்கிறது. அந்தத் தண்ணீரின் அமிலத்தன்மை பி.எச். 5 பக்கத்தில் நிற்க வேண்டும். நம் மாவட்டத்தின் கிழக்குப் பக்கம், மீஞ்சூர் வட்டாரத்தில், பல பத்தாண்டுகளாக நிலத்தடியில் கடல்நீர் ஏறிக்கிடப்பது தெரிந்ததே. மற்ற இடங்களிலும் போர் தண்ணீர் கடினம்தான். அந்தச் சுண்ணாம்பு மையிலுள்ள கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து சோப்பு மாதிரி உருளையில் படிந்துவிடும். பிறகு மை ஒட்டாது, நிறம் நேரத்துக்கு ஒன்றாக இருக்கும். நான் முதலில் அடித்த அச்சகத்தில் என்ன தண்ணீர் என்று நான் கேட்டதே இல்லை, கேட்க வேண்டும் என்றே தெரியாது. இங்கே ஆர்.ஓ. தண்ணீர். அதிலும் உப்பே இல்லாவிட்டால் வேறு தொல்லை, அதனால் கொஞ்சம் சாதாத் தண்ணீர் கலக்கிறார்கள்.

கறுப்பு முதல், சிவப்பு பின்னால். முதலில் விழும் மை அதிகப் பிசுபிசுப்போடு இருக்க வேண்டும், அடுத்தது அதைவிடக் குறைவு. மாற்றிப் போட்டால் பின்னால் வரும் மை, முன்னால் விழுந்ததைப் பிய்த்துக்கொண்டு போகும். ஐப்பசியில் அடிக்கப் போய் இன்னொரு பாடம். காகிதம் ஈரத்தைக் குடித்து நீள்கிறது, முதல் கலரும் இரண்டாம் கலரும் மயிரிழை விலகுகின்றன, மையும் உலரமாட்டேன் என்கிறது. வழக்கமாக மறுநாள் திருப்பி அடிக்கும் தாளை மூன்று நாள் விட்டு அடித்தார் மெஷின்மேன். நான் அவசரப்படுத்தவில்லை. முதல் தடவை அவசரப்படுத்தியிருந்தேன், பண்டிகைக்கு முன்னால் வேண்டும் என்று.

தொழிற்சாலையில் பார்த்த ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், நிறத்தோடு நேரடிச் சம்பந்தம் இல்லை. உணவுப் பாக்கெட்டுக்கு அடிக்கும் மைக்கு இந்திய தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 15495 என்று தனி விதி இருக்கிறது. டொலுவின் என்ற கரைப்பானை அதில் பயன்படுத்தக் கூடாது. 2018-ன் உணவுப் பாதுகாப்பு ஆணைய பேக்கேஜிங் விதிகளும் இதையே கேட்கின்றன, செய்தித்தாளில் உணவைக் கட்டவும் கூடாது என்கின்றன. மை டப்பாவுக்குள் இருப்பது என்னவென்று பார்த்த பிறகு, தினத்தாளில் எண்ணெய் வடிய மடித்துத் தரும் பஜ்ஜியை என்னால் பழையபடி வாங்க முடியவில்லை. கடைக்காரரிடம் வாழை இலைத் துண்டு கேட்கிறேன். ஒரு மாதிரிதான் பார்க்கிறார்.

அச்சடித்த அன்று, முதல் நல்ல தாள் வந்ததும் மெஷின்மேன் அதில் கையெழுத்துப் போடச் சொன்னார். இதற்கு ஓகே ஷீட் என்று பெயர். பிறகு வரும் ஒவ்வொரு நூறாவது தாளையும் இதோடு வைத்துப் பார்ப்பார்கள். முதல் பதிப்பில் நான் அச்சகத்துக்கே போகவில்லை, போனில் ‘அடிச்சிடுங்க’ என்று சொன்னதோடு சரி. அவர்கள் எதோடு வைத்துப் பார்த்திருப்பார்கள்? ஓகே ஷீட்டில் போடும் கையெழுத்து வாடிக்கையாளர் தலையில் பொறுப்பைக் கட்டுகிற காகிதம் என்று சிலர் பயப்படுவார்கள். எனக்கென்னவோ அது மெஷின்மேனுக்கு நாம் கொடுக்கிற அளவுகோலாகத்தான் தெரிகிறது. என் கணக்கில் போகும்போது ஒரு நாள் லீவு, இரண்டு டீ.

புதுப் பக்கங்களைப் பழைய பிரதிகளில் மாற்றித் தைத்து, மறுபடி சார் வீட்டுக்குப் போனேன். காலை பத்து மணி, திண்ணையில் நல்ல வெயில். அதே பக்கத்தைப் பிரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தின் மேல் கட்டை விரலை வைத்து, கோடரியின் விளிம்பு வழியாக மெதுவாகத் தடவினார். பிறகு, “இதுக்குக் கீழ இருந்த அடுக்குல வேற ஒண்ணு கிடைச்சுதே, அதை ஏன் போடல?” என்று கேட்டார்.

மிச்ச மை அரை கிலோ டப்பாவில் என் அலமாரியில் இருக்கிறது. கலவை எண்கள், காகிதம், தேதி எல்லாம் மேலே ஒட்டியிருக்கிறேன். மேலே எண்ணெய்த்தாள் போட்டு மூடியிருக்கிறேன், ஆடை படியாமல். அவர் கேட்ட அந்த இன்னொரு கல்லுக்குப் படம் எடுக்க பூண்டியில் அனுமதிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.